மழை ஊரில் ஒரு வறண்ட மாதம்

(தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தைப்பிங் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது மழையே ஆகும். தீபகற்ப மலேசியாவில் மிகுதியான மழை பெறும் நகரம் இதுவே. முற்காலத்தில் இந்நகரத்துக் காப்பிக் கடைகளில், இன்று மழை பெய்யுமா பெய்யாதா என்று பணம் வைத்துப் பந்தயம் கட்டினர் என முதியோர் கூறுவர். பெய்யும் என்று கட்டியவரே பெரும்பாலும் வென்றிருப்பார் என்பதில் ஐயமில்லை.

அத்தகைய ஊரில், தை மாசித் திங்கள்களில் இரண்டு வாரம், மூன்று வாரம் தொடர்ந்து ஒரு துளியும் விழாமல் வானம் வெளுத்திருக்கக் கண்டால், எல்லோருடைய பேச்சும் வானிலையைப் பற்றியதாகவே ஆகிவிடுகின்றது. "இப்படி ஒரு வறட்சியை என் வாழ்நாளில் கண்டதில்லை" என்கின்றார் ஒரு பெரியவர். "இதைவிடக் கொடுமையாகக் காய்ந்த காலத்தை நான் பார்த்திருக்கின்றேன்" என்று மறுக்கின்றார் இன்னொருவர். இருவருமே பொய் கூறுவோர் அல்லர். ஆயினும் இருவரும் நினைவை மட்டுமே சான்றாகக் கொண்டு பேசுகின்றனர். மழை விஷயத்தில் நினைவு நம்பத் தகுந்த சாட்சி அன்று. வெள்ளம் வந்த ஆண்டையும் கிணறு வற்றிய ஆண்டையும் அது மறப்பதில்லை. இடையில் வந்த சாதாரண ஆண்டுகளை எல்லாம் அது மறந்துவிடுகின்றது. ஆகவே, ஒரு மாதத்தின் வானிலையை எவ்வாறு எடைபோடுவது, அதற்கும் நமது பால்வெட்டு வேலைக்கும் கூலிக்கும் உள்ள தொடர்பு யாது என்பதைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

முதலாவதாக, தைப்பிங்கில் ஏன் இவ்வளவு மழை? நகரத்தின் மேற்கே, கோல செப்பெத்தாங் பக்கம் கடல் இருக்கின்றது. கிழக்கே பிந்தாங் மலைத்தொடர் சுவர் போல் எழுந்து நிற்கின்றது. பகல் வெயிலில் நிலம் சூடேறக் கடற்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு உள்ளே வருகின்றது. மலை வழிமறிக்கின்றது. வேறு வழியின்றி அக்காற்று மேலே ஏறுகின்றது. ஏற ஏறக் குளிர்கின்றது. குளிர்ந்த ஈரம் மேகமாகிப் பிற்பகலில் மழையாய்க் கொட்டுகின்றது. முன்னர் மேக்ஸ்வெல் மலை என்று வழங்கிய புக்கிட் லாருட்டின் உச்சியில் நகரத்தைக் காட்டிலும் மிகுதியான மழை பெய்வது இக்காரணத்தாலேயே ஆகும்.

தைப்பிங்கில் ஓராண்டில் ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. தீபகற்பத்தின் பொதுவான சராசரி 2,000 முதல் 2,500 மில்லிமீட்டர் வரையில் உள்ளது. நம் பாட்டன்மார் விட்டு வந்த தமிழ்நாட்டிலோ ஆண்டுச் சராசரி 1,000 மில்லிமீட்டரையும் எட்டுவதில்லை. அங்கே நான்கு ஆண்டுகளில் பெய்யும் மழை இங்கே ஓராண்டில் பெய்துவிடுகின்றது எனலாம். 1 மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 லிட்டர் நீராகும். அவ்வாறு கணக்கிட்டால், 4,000 மில்லிமீட்டர் மழையில் ஒரே ஓர் ஏக்கர் நிலத்தின்மீது 1 கோடியே 60 இலட்சம் லிட்டருக்கும் மேலான நீர் விழுகின்றது.

இவ்வளவு நீர் விழும் ஊரிலும் வறண்ட மாதங்கள் உண்டு. அதற்கும் காரணம் மலைகளேயாகும். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகின்றது. தென்சீனக் கடலைக் கடந்து வரும் அக்காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியைக் கிளந்தான், திரெங்கானு, பகாங் கரையோரங்களில் இறக்கிவிடுகின்றது. பின்னர்த் தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டிப் பேராக்கிற்குள் இறங்கும்போது அது ஈரம் இழந்த காற்றாகிவிடுகின்றது. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் இக்காற்று வலுத்து வீசினால் மேற்குக் கரையில் மேகம் திரள்வதில்லை. மழையைக் கொண்டு வரும் கடற்காற்றையும் அது உள்ளே வரவிடாமல் தள்ளிவிடுகின்றது. ஒரு மலைத்தொடர் நமக்கு மழையைத் தர, மற்றொரு மலைத்தொடர் ஆண்டின் தொடக்கத்தில் நம்மை மழை மறைவில் நிறுத்துகின்றது.

நம் நாட்டிற்குக் குளிர்காலம் என்று ஒன்று உண்டா என்று சிலர் வினவுவர். பனி கொட்டும் குளிர்காலம் நமக்கு இல்லை. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் ஆண்டின் மிக வெப்பமான மாதத்திற்கும் மிகக் குளிர்ந்த மாதத்திற்கும் இடையே உள்ள சராசரி வேறுபாடு 2 பாகை செல்சியஸ் அளவுக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒரே நாளில் விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் இடையே உள்ள வேறுபாடு அதனினும் பன்மடங்கு பெரிது. மேகம் இல்லாத வறண்ட மாதத்தில் இவ்வேறுபாடு இன்னும் கூடுகின்றது. மேகம் என்பது இரவில் பூமிக்குப் போர்வை போன்றது. போர்வை விலகியவுடன் பகலில் பெற்ற வெப்பம் வானத்தை நோக்கிப் போய்விடுகின்றது. ஆகையால் பிரட்டுக்குச் செல்லும் விடியற்காலையில் உடல் நடுங்குகின்றது. நண்பகலில் வெயில் சுடுகின்றது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்னும் பழமொழி தமிழ்நாட்டில் பிறந்ததாயினும், அதன் பொருளை நமது நிரைகளிலும் நாம் உணர்கின்றோம். இந்நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையும் இத்தகைய பருவத்தில் ஏற்பட்டதேயாகும். 1978ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளில் கேமரன் மலையில் 7.8 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. இதற்கு மாறாக, மிக உயர்ந்த வெப்பநிலையான 40.1 பாகை, 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாளன்று பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் பதிவாயிற்று.

இனி, ஒரு மாதத்தை எவ்வாறு எடைபோடுவது என்பதைக் காண்போம். உலக வானிலை அமைப்பு 30 ஆண்டுகளின் சராசரியையே ஓரிடத்தின் இயல்பு நிலையாகக் கொள்கின்றது. இப்பொழுது வழக்கில் உள்ளது 1991 முதல் 2020 வரையிலான 30 ஆண்டுக் கணக்காகும். ஓராண்டு, ஈராண்டு போதாதா என்றால் போதாது. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். ஒரு தோட்டத்தில் ஐந்து ஆண்டுகளின் பிப்ரவரி மழை முறையே 300, 80, 210, 160, 250 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 1,000, சராசரி 200. ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளில் ஓராண்டிலேனும் சரியாக 200 மில்லிமீட்டர் பெய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். இவ்வாண்டு 120 மில்லிமீட்டர் பெய்தால், அது சராசரியில் நூற்றுக்கு அறுபது பங்கே ஆகும். ஆயினும் முன்பு 80 மட்டுமே பெய்த ஆண்டும் இருந்தமையால், "இதுவரை கண்டிராத வறட்சி" என்று கூறுதல் தவறு. 20 மில்லிமீட்டர் மட்டுமே பெய்திருந்தால் நிலைமை வேறு. அப்பொழுது ஐந்தாண்டு ஏட்டை மூடிவிட்டு ஐம்பதாண்டு ஏட்டைத் தேட வேண்டும். ஆகவே இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்க வேண்டும். சராசரிக்கு எவ்வளவு குறைவு என்பது முதற்கேள்வி. இதற்கு முன்னும் இவ்வாறு குறைந்ததுண்டா என்பது இரண்டாம் கேள்வி.

இவ்விரு கேள்விகளுக்கும் விடை தந்த உண்மையான ஆண்டு ஒன்று உண்டு. 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வடகிழக்குக் காற்று வறண்டு வீசியது. ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை தீபகற்பத்தின் பல பகுதிகளிலும் மழை பொய்த்தது. நெகிரி செம்பிலானிலும் சிலாங்கூரிலும் நீர்த் தட்டுப்பாடு ஏற்பட்டது. சிலாங்கூரில் வீடுகளுக்குத் தண்ணீர் முறைவைத்து வழங்கப்பட்டது. அப்பொழுது எல்லோரும் "இப்படிக் கண்டதில்லை" என்றனர். சிங்கப்பூரில் அதைச் சோதிக்க ஏடு இருந்தது. அங்கே மழைக் குறிப்புகள் 1869ஆம் ஆண்டு முதல் உள்ளன. 2014 பிப்ரவரியில் சாங்கி நிலையத்தில் பெய்த மழை 0.2 மில்லிமீட்டர் மட்டுமே. 1869 முதல் அதனினும் வறண்ட மாதம் எதுவும் அந்த ஏட்டில் இல்லை. அன்று மக்கள் கூறியது சரியாகவே இருந்தது; அதைச் சரி என்று நிலைநாட்டியது பல தலைமுறையினர் விடாது எழுதி வைத்த குறிப்பாகும்.

இன்னொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். வறட்சி என்றாலே "எல் நினோ" என்று கூறும் வழக்கம் இப்பொழுது பரவியுள்ளது. பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்தை மீறிச் சூடாவதால் நம் பகுதியில் மழை குறையும் நிலையே எல் நினோ ஆகும். 1997-98, 2015-16, 2023-24 ஆகியவை அத்தகைய ஆண்டுகள். 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தைப்பிங்கிற்கு வடக்கே உள்ள புக்கிட் மேரா அணையின் நீர்மட்டம் வெகுவாகத் தாழ்ந்து கிரியான் நெல் விவசாயிகள் துன்புற்றனர். 1906ஆம் ஆண்டில் அமைந்த பழமையான அணை அது. ஆனால் 2014 தொடக்கத்து வறட்சி எல் நினோவால் வந்ததன்று; மழைமேகக் கூட்டம் தெற்கே தள்ளி நின்றமையால் வந்ததாகும். அதே 2014ஆம் ஆண்டின் டிசம்பரிலோ கிளந்தானிலும் பிற கிழக்குக்கரை மாநிலங்களிலும் பெருவெள்ளம் ஏற்பட்டு, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. வறட்சியோடு பிறந்த ஆண்டு வெள்ளத்தோடு முடிந்தது. ஆண்டின் மொத்த மழையை மட்டும் பார்ப்பவனுக்கு இவ்விரண்டு துன்பங்களும் தெரியா. மாதத்தையும் நாளையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இப்பொழுது நமது மரத்திற்கு வருவோம். அமேசான் காட்டிலிருந்து புறப்பட்டு, 1877ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்து, கோலகங்சாரில் வேரூன்றிய இந்த ரப்பர் மரம், வானிலையைத் தன் உடலிலேயே எழுதிக்காட்டும் மரமாகும். ஆண்டுதோறும் வறண்ட மாதங்களில் அது இலையை உதிர்க்கின்றது. பச்சை மஞ்சளாகின்றது, மஞ்சள் செம்மையாகின்றது, காற்று வீசியவுடன் நிரை முழுவதும் இலை மழை பொழிகின்றது. தைப்பூசத்திற்குக் காவடி எடுத்துத் திரும்பும் நாள்களில் காடு வெளிச்சமாகியிருப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். பிறகு செம்பு நிறத் தளிர் தோன்றுகின்றது. தான் சேமித்து வைத்த உணவை எல்லாம் மரம் அத்தளிருக்கே கொடுத்துவிடுவதால் பால் குறைகின்றது. மண்ணில் ஈரமும் குறைந்திருப்பதால் வெட்டிய சிறிது நேரத்திலேயே பால் வடிவது நின்றுவிடுகின்றது. நாட்டின் மொத்த ரப்பர் உற்பத்தியும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையில் குறைவது வழக்கமேயாகும்.

வறண்ட ஆண்டில் எல்லா மரங்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் விரைவாக இலையுதிர்த்து, ஒரே காலத்தில் தளிர்க்கின்றன. ஈரமான ஆண்டிலோ ஒரு மரம் உதிர்க்க, ஒரு மரம் தளிர்க்க, மற்றொன்று பாதி இலையோடு நிற்க, பருவம் நீண்டுகொண்டே போகின்றது. இளந்தளிர் நீண்ட காலம் வெளியில் இருந்தால், குளிர்ந்த விடியலிலும் மூடுபனியிலும் வெண்சாம்பல் போன்ற பூஞ்சாண நோய் அதனைப் பற்றிக்கொள்கின்றது. தளிர் கருகி விழுந்தால் மரம் மீண்டும் தளிர்க்க வேண்டும். பால் திரும்பி வருவது இன்னும் தாமதமாகும். எனவே அளவான வறட்சி மரத்திற்குப் பகை அன்று. நம் கூலிக்கு அது இரண்டு மாதத் துன்பமாயினும், மரத்திற்கு அது ஆண்டுக்கொரு முறை வரும் ஓய்வாகும்.

தோழர்களே, இங்கேதான் நாம் கூற வந்த முதன்மையான செய்தி உள்ளது. பால் எடை குறையும் மாதத்தில் தோட்டத்தில் மனக்கசப்பு எழுவதுண்டு. "வெட்டுச் சரியில்லை, கவனக்குறைவு" என்று மண்டோர் ஒரு பக்கம் கூறுவார். "மரத்தில் பால் இல்லை" என்று தொழிலாளி ஒரு பக்கம் கூறுவார். எடை ஏட்டில் இருக்கின்றது. மழையோ ஒருவரது நாவில் மட்டும் இருக்கின்றது. ஏட்டின் முன் நா தோற்றுவிடுகின்றது. இதற்காக யாரையும் குறைகூறிப் பயனில்லை. மழையையும் ஏட்டில் ஏற்றுவதே இதற்கு மருந்தாகும். "பிப்ரவரி 3 முதல் 21 வரை துளி மழையில்லை, 9ஆம் நாள் முதல் என் நிரையில் இலையுதிர்வு" என்று நாளிட்டு எழுதிய குறிப்பு ஒன்று கையில் இருந்தால், பேச்சு வாதமாக மாறாமல் கணக்காக மாறும். கணக்கைக் கண்டால் கிராணியாரும் கேட்பார், நிர்வாகமும் கேட்கும். அதே குறிப்பு நம்மையும் திருத்தும். மழை இயல்பாகப் பெய்தும் பால் குறைந்திருந்தால், பட்டையின் நிலையையும் உளியின் கூர்மையையும் நாமே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதை அது உணர்த்தும்.

மழையை அளப்பது கடினமான செயல் அன்று. அடியும் வாயும் ஒரே அகலமாக, பக்கங்கள் நேராக உள்ள ஒரு தகரக் குவளை போதும். மரநிழலும் கூரையும் இல்லாத வெட்டவெளியில், காற்றில் சாயாதவாறு அதனை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு நாளும் காலை 8 மணிக்கு, உள்ளே நிற்கும் நீரின் உயரத்தைப் பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் அளவுகோலால் மில்லிமீட்டரில் அளந்து எழுதிவிட்டு நீரைக் கொட்டிவிட வேண்டும். மழையில்லாத நாளில் சுழியம் என்று எழுத வேண்டும், எழுதாமல் விடக்கூடாது. சுழியம் என்பது வறட்சியின் சாட்சி. வெற்றிடம் எதற்கும் சாட்சியன்று. பால்வெட்டுக்குப் போகும் தாய் தந்தையருக்கு அந்நேரம் ஒழியாதாயின், வீட்டில் இருக்கும் முதியவரிடமோ, விடுமுறையில் பிள்ளைகளிடமோ இப்பணியை ஒப்படைக்கலாம். தமிழ்ப்பள்ளிகள் இதனை மாணவர்க்கு ஒரு பயிற்சியாக்கினால் கணிதமும் அறிவியலும் ஒருங்கே வளரும். நம் குறிப்பு சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க, மலேசிய வானிலை ஆய்வுத் துறையும் நீர்ப்பாசன வடிகால் துறையும் வெளியிடும் மழைக் கணக்குகளைக் கைத்தொலைபேசியிலேயே இன்று காண முடிகின்றது.

வறண்ட மாதத்தில் நாம் கைக்கொள்ள வேண்டியவை சில உள்ளன. உதிர்ந்த இலை எளிதில் தீப்பற்றும். அணைக்காத ஒரு சிகரெட்டுத் துண்டு ஒரு நிரையையே எரித்துவிடும். பட்டை வெந்த மரம் பால் தராது. இலைச் சருகைக் குவித்து எரித்தலும் ஆகாது. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளியில் எரிப்பதைத் தடுக்கின்றது. அன்றியும் அச்சருகே மண்ணின் ஈரத்தைக் காத்து, மட்கி மரத்திற்கு உரமாகின்றது. வெட்டு நிறுத்தப்பட்ட மரங்களில் மங்குகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். வறட்சி முடிந்து பெய்யும் முதல் மழையில் நிமிர்ந்திருக்கும் ஒவ்வொரு மங்கும் கொசுத் தொட்டியாகின்றது. டிங்கிக் காய்ச்சல் அங்கிருந்துதான் நம் வீட்டு வாயிலுக்கு வருகின்றது. சேமித்து வைக்கும் குடிநீரை மூடி வைத்தலும், கிணற்று நீரையும் ஓடை நீரையும் கொதிக்க வைத்தே பருகுதலும் இன்றியமையாதன.

இறுதியாக ஒன்று. உலகம் சூடேறி வருகின்றது என்று நாம் கேள்விப்படுகின்றோம். அது உண்மையே. 2024ஆம் ஆண்டில் உலகின் சராசரி வெப்பம், 1850-1900 காலத்துச் சராசரியைவிட ஏறத்தாழ 1.55 பாகை உயர்ந்திருந்ததாக உலக வானிலை அமைப்பு அறிவித்துள்ளது. ஆனால் ஒரு வறண்ட பிப்ரவரியைக் காட்டி "உலகம் மாறிவிட்டது" என்று கூறுதலும், ஒரு குளிர்ந்த ஜனவரியைக் காட்டி "எதுவும் மாறவில்லை" என்று கூறுதலும் ஒன்றைப் போலவே தவறானவை. ஒரு நாளின் பால் எடையைக் கொண்டு மரத்தின் வாழ்நாளை மதிப்பிடுவோமா? மதிப்பிடமாட்டோம். அவ்வாறே ஒரு மாதத்தைக் கொண்டு ஊரின் வானிலையை மதிப்பிடலாகாது. முப்பது ஆண்டுகளின் குறிப்பு வேண்டும்.

முப்பது ஆண்டு என்பது ஒரு ரப்பர் மரம் நடப்பட்டு, வெட்டப்பட்டு, முதுமையடையும் காலமாகும். நம் தோட்டங்களில் பல செம்பனைக்கு மாறிவிட்டன; சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்கே பெய்த மழையைப் பற்றி நம் முன்னோர் அறிந்திருந்ததெல்லாம் அவர்களோடு மறைந்துவிட்டது. அதனை எழுதி வைக்க அவர்களுக்கு ஓய்வும் இல்லை, பலருக்கு எழுத்தும் இல்லை. நமக்கு எழுத்து இருக்கின்றது. ஒரு குறிப்பேடும் ஒரு தகரக் குவளையும் பெரிய செலவாகா. அடுத்த வறண்ட மாதத்தில் முதியவர் ஒருவர் "இப்படி நான் கண்டதில்லை" என்று கூறும்பொழுது, நம் பிள்ளை ஒருவன் ஏட்டைப் புரட்டி, "தாத்தா, கண்டிருக்கின்றீர்கள், இதோ நாள்" என்றோ, "ஆம் தாத்தா, நீங்கள் கூறுவது சரி" என்றோ விடை கூறும் நிலை வரவேண்டும். அதற்கான முதல் வரியை நாளைக் காலை 8 மணிக்கே எழுதத் தொடங்குவோம்.